அருணகிரிநாதருக்கு வந்தது என்ன நோய்? கதை சொல்வதும் மருத்துவம் சொல்வதும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மலைக்குக் கிழக்கே பெரிய கோயில். அங்கிருந்து கிளம்பி மலையின் பின்பக்கம் போனால் அடி அண்ணாமலை வரும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மரபு சொல்வது இந்த அடி அண்ணாமலையைத்தான். அதே மலையடியில் பிறந்த இன்னொரு பெரிய பாவலருக்கு மரபு கொடுத்திருப்பது ஒரு கோபுரத்தின் உச்சியை. திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர்தான் அவர்.

அவர் கதை ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். இளமையில் தாசி வீடே கதி என்று கிடந்தார், சொத்தை அழித்தார், நோய் பிடித்தது, கோபுரத்தில் ஏறி உயிரை விடப் பார்த்தார், முருகன் தாங்கிப் பிடித்தார், மகானாக எழுந்தார். பாட்டி சொன்ன கதை, உபன்யாசத்தில் கேட்ட கதை, 1964-ல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்த படத்தில் பார்த்த கதை.

இந்தக் கதையில் பலரும் நின்று யோசிக்காத ஓர் இடம் உண்டு. அவருக்கு வந்தது என்ன நோய்? அந்த நோய்தான் அவரைக் கோபுரம் வரை கொண்டுபோனதா?

யார் இந்த அருணகிரி?

முதலில் உறுதியாகத் தெரிந்த விஷயம். அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் தன் பாடல் ஒன்றில் விஜயநகரப் பேரரசர் பிரபுடதேவராயரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். வரலாற்றில் இரண்டாம் தேவராயர் என்று சொல்லப்படும் இவர் 1446 வரை ஆண்டவர். அருணகிரியின் காலத்தை ஆய்வாளர்கள் கணிக்க உதவும் முக்கியமான பிடி இதுதான்.

பிறந்த ஆண்டு, பெற்றோர், திருமணம் பற்றியெல்லாம் நமக்குக் கிடைப்பது செவிவழிக் கதைகள்தான். கல்வெட்டோ அவர் காலத்து ஆவணமோ இல்லை. அம்மா பெயர் முத்து என்றும், தம்பியை வளர்த்த அக்கா பெயர் ஆதி என்றும் கதை சொல்கிறது. அம்மா சீக்கிரமே போய்விட, அக்காதான் அவருக்கு எல்லாம். சில கதைகளில் அவருக்கு மனைவியும் உண்டு. கணவன் வீட்டுப் பக்கமே வராததால் தனியாகக் கிடந்த மனைவி.

பையன் நன்றாகப் படித்தான். தமிழும் வடமொழியும் சரளம். பாடல்களைப் படித்தால் இது பொய்யில்லை என்று தெரியும். புராணம், இசை, தாளக்கணக்கு எல்லாம் விரல் நுனியில் இருந்த ஆள்தான் திருப்புகழ் எழுதியிருக்க முடியும். ஆனால் கையில் காசும் காவலுக்கு ஆளில்லாத வயசும் சேர்ந்தபோது பையன் தடம் மாறினான் என்கிறது கதை.

கேட்டதெல்லாம் கொடுத்த அக்கா

தம்பி கேட்கும்போதெல்லாம் அக்கா பணம் கொடுத்தார். இருந்த பணம் தீர்ந்தது. நகை போனது. பாத்திரம் பண்டமும் போனது. இதற்கிடையில் அருணகிரியின் உடம்பில் நோய் தெரிய ஆரம்பித்தது. முன்பு வாசலில் வரவேற்ற வீடுகள் இப்போது கதவைச் சாத்தின. தெருவில் ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அப்போதும் அவர் வந்து நின்றது அக்கா முன்னால்தான், மறுபடியும் காசு கேட்டு. கொடுக்க எதுவும் மிச்சமில்லாத அக்கா, வெறுத்துப்போய் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை எது என்பதை ஒவ்வொரு கதைசொல்லியும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். அது அவரைச் சுட்டுவிட்டது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நோய் வந்தது, ஆனால் அவர் கோபுரம் ஏறவில்லை. ஊர் ஒதுக்கியது, அப்போதும் ஏறவில்லை. தன்னைக் கைவிடவே மாட்டார் என்று நம்பிய ஒரே ஆளின் முகத்திலும் வெறுப்பைப் பார்த்த பிறகுதான் ஏறினார். உடம்பு வலியைத் தாங்கியவருக்கு வெட்கத்தைத் தாங்க முடியவில்லை.

எந்தக் கோபுரம்?

இன்றைக்குத் திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருவது 11 நிலை, 217 அடி ராஜகோபுரம். அருணகிரி ஏறியது அதில்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு வாய்ப்பே இல்லை. ராஜகோபுரப் பணியைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். அவர் ஆட்சிக்கு வந்ததே 1509-ல். வேலையை முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். அருணகிரி காலத்தில் அந்தக் கோபுரமே கிடையாது.

மரபு காட்டுவது உள்ளே இருக்கும் வல்லாள கோபுரத்தை. 14-ம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தளமாகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளன் பெயரில் அமைந்தது அது. அதன் பக்கத்தில் கோபுரத்திளையனார் என்று ஒரு முருகன் சன்னதி இருக்கிறது. விழுந்த அருணகிரியை முருகன் தாங்கியது இங்கேதான் என்பது நம்பிக்கை. முருகன் அவர் உடம்பைக் குணப்படுத்தி, நாவில் வேலால் எழுதி, பாடச் சொன்னதாகக் கதை. முதல் பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்ததும் முருகனே என்பார்கள்.

சரி, அது என்ன நோய்?

கதைகள் பெரும்பாலும் தொழுநோய் என்கின்றன. பெருநோய், குட்டம் என்றெல்லாம் பழைய பெயர்கள். சிலர் பொதுவாக மேகநோய் என்பார்கள். பாலுறவில் வரும் நோய்களுக்கு நாட்டு வைத்தியத்தில் இருக்கும் பெயர் அது. இன்றைய சொல்லில் பால்வினை நோய்.

இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொழுநோய் பால்வினை நோயே அல்ல. அது ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியுடன் நீண்ட காலம் நெருங்கி வாழ்பவர்களுக்கு, மூக்கு, வாய்வழி வரும் நுண்துளிகள் மூலம் பரவுவதாகக் கருதப்படுகிறது. அப்படியே வந்தாலும் பெரும்பாலான மனிதர்களின் உடம்பு அதைத் தானே சமாளித்துவிடும். ஒழுக்கத்துக்கும் தொழுநோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. கூட்டு மருந்து சிகிச்சையில் முழுசாகக் குணமாகிவிடும், மருந்தும் இலவசம். ஆனாலும் தப்பு செய்தவனுக்குத்தான் குட்டம் வரும் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது தெரியுமா? இந்தியாவில் தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களில் இருந்து நீக்கி சட்டம் திருத்தப்பட்டதே 2019-ல்தான்.

அடுத்தது சிபிலிஸ். கதையில் வரும் நோய் இதுவாக இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் காலக்கணக்கு இடிக்கிறது. ஐரோப்பாவில் சிபிலிஸ் பெரிதாக வெடித்தது 1495 வாக்கில். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். போர்ச்சுக்கீசியர்களோடு வந்த நோய் என்பதால்தான் தமிழில் அதற்குப் பரங்கிப்புண் என்று பெயர். 16-ம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவபிரகாசமும் அதைப் பரங்கியர் நோய் என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறது. பிரபுடதேவராயர் காலத்து அருணகிரிக்கு அது வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் அவருக்கு வந்தது என்ன? 600 வருஷத்துக்கு முந்தைய ஒரு செவிவழிக் கதைக்கு யாராலும் மருத்துவச் சீட்டு எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். கதை நோயைத் தோலில் காட்டுகிறது. பார்த்தவுடன் ஊருக்கே தெரிகிறது. நிஜத்தில் பாலுறவு வழியாக அதிகம் பரவும் தொற்றுகள் பலவும் இதற்கு நேர் எதிர். தோலில் ஒன்றும் தெரியாது. வந்தவருக்கே தெரியாது.

பெயர் தெரியாத ஒட்டுண்ணி

அதில் ஒன்றுதான் ட்ரைக்கோமோனியாசிஸ். எச்.ஐ.வி., சிபிலிஸ் அளவுக்கு யாரும் பேசாத பெயர். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். எளிதில் குணப்படுத்தக்கூடிய 4 பால்வினைத் தொற்றுகள் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் புதிதாக 37.4 கோடி முறை ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 15.6 கோடி இந்த ஒன்று மட்டும். சிபிலிஸ் சுமார் 71 லட்சம்தான்.

இது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. ரத்த வெள்ளணு அளவுதான் இருக்கும். சவுக்கு போன்ற இழைகளை அடித்து நீந்தும். பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும், ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையிலும் குடியேறும். 1836-ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் டோனே என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் இதை முதலில் பார்த்தார். பார்த்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, இதனால் நோய் வருமா என்பதிலேயே மருத்துவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

தொற்று வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. பெண்களுக்கு அறிகுறி வந்தால் எரிச்சல், அரிப்பு, சிறுநீர் போகும்போது கடுப்பு, மஞ்சள் அல்லது பச்சை கலந்த நுரைத்த வெள்ளைப்படுதல், கெட்ட வாடை இருக்கலாம். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் லேசான எரிச்சல் இருக்கலாம். பலருக்கு அதுவும் இருக்காது.

நம்ம ஊரில் இங்கேதான் சிக்கல். வெள்ளைப்படுதல் என்றால் உடம்புச் சூடு என்று சொல்லி, மோரும் வெந்தயமும் கொடுத்து முடித்துவிடுவோம். வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை, உண்மைதான். மாதவிடாய்ச் சுழற்சியில் கொஞ்சம் படுவது இயல்பு. நிறம், வாடை, அரிப்பு மாறினால் அது சூடு இல்லை, பரிசோதனை தேவை. கவனிக்காமல் விட்டால் கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. மெட்ரோனிடசோல் வகை மாத்திரையில் இது குணமாகிவிடும். 1960 வாக்கில் இந்த மருந்து வந்ததில் இருந்தே இதற்கு வைத்தியம் உண்டு.

பழி யார் மேல்?

மறுபடி கதைக்கு வருவோம். அதில் வரும் தாசிகளுக்குப் பெயரே இல்லை. அவர்களிடம் இருந்து அருணகிரிக்கு நோய் வந்தது என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கதை கேட்பதே இல்லை. வாசலுக்கு வந்துபோன ஆண்களிடம் இருந்துதானே வந்திருக்கும்?

திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றின் முதல் பாதியில் பெண்களின் அழகும் வலையும் வர்ணிக்கப்படும். பின்பாதியில் அதில் இருந்து காப்பாற்று என்று முருகனிடம் வேண்டுதல் வரும். இவற்றை அருணகிரியின் சொந்தக் கதையாக எடுத்துக்கொண்டுதான் இளமைக் கதை வளர்ந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. உலகத்தார் செய்யும் தப்பை எல்லாம் தான் செய்ததாகச் சொல்லி இறைவனிடம் கெஞ்சுவது பக்திப் பாடல்களில் வழக்கம்தான். அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் பழியைப் பெண் மேல் போடும் பழக்கம் கதையோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1868-ல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி பாலியல் தொழில் செய்த பெண்கள் பதிவு செய்துகொண்டு, கட்டாயப் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் தனி மருத்துவமனையில் அடைத்து வைப்பார்கள். மதராஸிலும் அப்படிப்பட்ட மருத்துவமனை இருந்தது. அவர்களிடம் போய்வந்த ஆண்களுக்கு இந்தச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1888-ல் சட்டம் விலக்கப்பட்டது.

இந்த ஒட்டுண்ணி விஷயத்தில் அந்தப் பார்வை எவ்வளவு தவறு என்பது தெளிவாகத் தெரியும். அறிகுறி அதிகம் தெரிவது பெண்ணுக்கு. ஒன்றும் தெரியாமல் சுமந்து திரிவது பெரும்பாலும் ஆண். பரிசோதனைக்குப் போகிறவள் மனைவி, அதனால் பேச்சு கேட்பதும் மனைவி. கணவனுக்கு மருந்தே கொடுக்காமல் மனைவிக்கு மட்டும் கொடுத்தால், குணமான சில நாளில் மறுபடி தொற்றிக்கொள்ளும்.

இன்னொன்று. இந்தத் தொற்று மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில்கூட அமைதியாகக் கிடக்கும். அதனால் பரிசோதனையில் தெரிந்த உடனே, இப்போது யாரோடு தொடர்பு என்று சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை. அது எப்போது வந்தது என்று பரிசோதனை சொல்லாது.

கோபுரத்துக்குப் பிறகு

அருணகிரியின் வாழ்க்கையில் உண்மையான பெரும்பகுதி தொடங்குவதே கோபுரத்துக்குப் பிறகுதான். திருச்சிக்குப் பக்கத்தில் வயலூருக்கு வரச் சொல்லி முருகன் கட்டளையிட, அங்கே போன பிறகுதான் பாட்டு வெள்ளமாக வந்தது என்கிறது மரபு. அதன் பின் அவர் ஓர் இடத்தில் இருக்கவில்லை. திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி என்று நடந்துகொண்டே இருந்தார். இலங்கையின் கதிர்காமத்துக்கும் அவர் பாடல்கள் உண்டு.

திருப்புகழின் சிறப்பு அதன் சந்தம். ஒவ்வொரு பாட்டும் ஒரு தாளக்கட்டு. வாயால் சொன்னாலே மிருதங்கம் வாசித்த மாதிரி இருக்கும். இன்றும் இசை படிப்பவர்கள் தாளம் பழக இதை எடுத்துக்கொள்கிறார்கள். கந்தர் அலங்காரம், கந்தர் அனுபூதி, கந்தர் அந்தாதி, வேல் விருத்தம், மயில் விருத்தம், திருவகுப்பு ஆகியவையும் அவர் எழுதியவை.

புகழ் வந்ததும் பகையும் வந்தது. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், தன்னிடம் வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுப்பவர் என்று ஒரு கதை. அருணகிரி அவரோடு வாதுக்கு அமர்ந்து கந்தர் அந்தாதி பாடினார். தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து அமைந்த 54-வது பாட்டுக்கு வில்லியால் பொருள் சொல்ல முடியவில்லை. வென்ற அருணகிரி காதை அறுக்கவில்லை. இனி யாருக்கும் இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு கருவியைக் கீழே போட வைத்தார். தன்னையே ஊர் அறுத்துப் போட்டதை அனுபவித்த ஆள் என்று கதை சொல்வதால், இந்த இடம் இன்னும் பொருந்துகிறது.

அடுத்தவர் சம்பந்தாண்டான். அரசவையில் செல்வாக்கு உள்ளவர். அவர் தூண்டுதலால், முருகனை நேரில் காட்ட முடியுமா என்று பிரபுடதேவராயர் கேட்க, அருணகிரி பாட, முருகன் தூணில் தோன்றினாராம். ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனதும் இருக்கும் கம்பத்திளையனார் சன்னதி அதன் நினைவு. அந்த ஒளியில் அரசர் கண்பார்வை இழந்தார். பாரிஜாத மலர் கொண்டுவர, அருணகிரி தன் உடம்பை விட்டுக் கிளியின் உடம்பில் புகுந்து தேவலோகம் போனார். திரும்பி வருவதற்குள் சம்பந்தாண்டான் அவர் உடம்பை எரித்துவிட்டார். அருணகிரி கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார் என்பது கதை. கோயிலில் கிளி கோபுரம் என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

இவை நம்பிக்கைகள். ஆனால் இவற்றுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. எந்த உடம்பை ஊர் அருவருத்ததோ, அந்த உடம்பையே கடைசியில் அவர் விட்டுப் பறந்துவிடுகிறார். எந்த வாயில் நல்ல பேச்சு வராது என்று நினைத்தார்களோ, அந்த வாயில் இருந்து வந்ததுதான் மிஞ்சியது.

நோயைப் பெயர் சொல்லிப் பாடியவர்

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. திருத்தணியில் அவர் பாடிய ஒரு திருப்புகழில் நோய்களின் பட்டியலே வருகிறது. இருமல், வாதம், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை, சூலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எதுவும் வராமல் காக்க வேண்டுகிறார். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் இந்தப் பாட்டைப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு.

15-ம் நூற்றாண்டுக்காரர் நோயைப் பெயர் சொல்லிப் பாடினார். நாம் ஸ்மார்ட்போன் கையில் இருந்தும், மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி, பெயர் சொல்லாமல் அரிப்புக்கு ஒரு க்ரீம் கேட்கிறோம்.

பாட்டு எப்படிப் பிழைத்தது?

அருணகிரி 16,000 பாடல்கள் பாடியதாகச் சொல்வார்கள். கிடைத்திருப்பவை 1,300 சொச்சம். அதுவும் தானாகக் கிடைக்கவில்லை. 1871-ல் சிதம்பரம் கோயில் தொடர்பான ஒரு வழக்கில் தீட்சிதர்கள் ஒரு திருப்புகழ்ப் பாட்டைச் சான்றாகக் காட்டினார்கள். அதைக் கேட்டு மயங்கியவர் வடக்குப்பட்டு த.சுப்பிரமணிய பிள்ளை. பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனவர். ஊர் ஊராக ஓலைச்சுவடி தேடி, 1894-ல் முதல் தொகுதியை அச்சிட்டார். அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார், அருணகிரியின் வாழ்க்கையையும் நூல்களையும் ஆராய்ந்து எழுதினார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளும் கிருபானந்த வாரியாரும் பாட்டைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். ஜனவரி 1-ல் திருத்தணிப் படிகளில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் கூட்டம் இவர்கள் உழைப்பின் பலன்.

ஒரு கணம் யோசித்தால், கோபுரத்தில் இருந்து விழுந்தவரை யாரும் தாங்கியிருக்காவிட்டால் இதில் எதுவுமே இல்லை.

இன்று தாங்கும் கை எது?

கதையில் தாங்கியது தெய்வம். இன்று அந்த நிலையில் இருப்பவருக்குப் போக இடம் இருக்கிறது. அடி அண்ணாமலையில் இருப்பவர் என்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற மாவட்டத்தினர் அவரவர் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

* அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சுரக்ஷா கிளினிக் இயங்குகிறது. ஆலோசனை, பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நிறம் வாரியாக மருந்துப் பெட்டிகள் உண்டு. பிறப்புறுப்புத் தொற்றுக்குத் தருவது பச்சை நிறப் பெட்டி.

* எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. அதற்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. உங்கள் விவரம் ரகசியமாக வைக்கப்படும்.

* ட்ரைக்கோமோனியாசிஸ் என்று தெரிந்தால் இணையர் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும், அறிகுறி இல்லாவிட்டாலும்கூட. சிகிச்சை முடிந்து, அறிகுறிகள் போகும் வரை உடலுறவு வேண்டாம். பெண்கள் 3 மாதத்தில் மறுபடி பரிசோதிப்பது நல்லது.

* எளிய பரிசோதனையில் கசிவை நுண்ணோக்கியில் உடனே பார்ப்பார்கள். அதில் சில சமயம் தப்பிவிடும். இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் மறுபடி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

* மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். ஒரே மாதிரி அரிப்பு பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். மருந்து வேறு. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

* ஆணுறை தொற்று வாய்ப்பைக் குறைக்கும். கழிப்பறை இருக்கையில் இருந்து வரும் என்ற பயம் தேவையில்லை. உடம்புக்கு வெளியே இந்த ஒட்டுண்ணி அதிக நேரம் தாங்காது.

எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097, பொது மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். வெட்கமோ பயமோ அதிகமாகி, வாழ்வதே வீண் என்று தோன்றினால் அரசின் டெலி மானஸ் 14416 எண் 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, இது நோய் வந்தவருக்கு இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு. அருணகிரி கதையில் அக்கா கெட்டவர் இல்லை. இருந்ததை எல்லாம் கொடுத்தவர். அவரிடம் அன்றைக்கு இல்லாமல் போனது, அடுத்து எங்கே கூட்டிப்போக வேண்டும் என்ற தகவல். அந்தத் தகவல் இப்போது உங்களிடம் இருக்கிறது. தம்பியோ, தோழியோ, கணவனோ, மனைவியோ தயங்கித் தயங்கி வந்து சொன்னால், எங்கே போய் வாங்கிவந்தாய் என்று கேட்க வேண்டாம். வா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம் என்று கிளம்புங்கள். ஒருவர் கோபுரம் ஏறாமல் இருக்க அது போதும்.